கர்ப்பகாலப் பிரஷரும் நஞ்சுக்கொடியும்: ஆராய்ச்சி நம் பக்கத்துக்கு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது?

வைகைக்கரையான் (மேலூர்)

நம் கிராமங்களில் "ஜன்னி கண்டு போயிட்டா" என்று சொல்லி முடித்துவிடும் பிரசவச் சாவுகளில் பல, பிரஷர் கூடி வந்த வலிப்புதான். ஆஸ்பத்திரியில் அதை எக்லாம்ப்சியா என்பார்கள். வலிப்புக்கு முந்தைய கட்டம் ப்ரீ-எக்லாம்ப்சியா. 20 வாரத்துக்குப் பிறகு பிரஷர் 140/90-ஐத் தொட்டு, கூடவே சிறுநீரில் புரதம் இறங்கினால், அல்லது ஈரல், சிறுநீரகம், மூளை என்று ஏதாவது ஒன்று அடிபட்டால் அந்தப் பெயர் வைக்கிறார்கள். பேறுகால மரணங்களில் ரத்தப்போக்குக்கு அடுத்தபடியாக உலகம் முழுக்க இதுதான் நிற்கிறது.

ஏன் வருகிறது என்று கேட்டால் நம் பக்கம் ஆளுக்கொரு பதில். உப்பு அதிகம் தின்றாள், உச்சிவேளையில் புளியமரத்தடியில் போனாள், காத்துக் கருப்பு அடித்துவிட்டது. எந்தப் பதிலை எடுத்தாலும் பழி அந்தப் பொண்ணு மேல்தான். நான் மேல்நிலை வகுப்புக்கு விலங்கியல் எடுப்பவன். இந்தப் பழியை இறக்கி வைத்த ஒரு ஆராய்ச்சியைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

அனந்த் கருமாஞ்சி. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். மகப்பேறு மருத்துவர் இல்லை, சிறுநீரக மருத்துவர். பாஸ்டனில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் இருந்தபோது இந்த நோயைக் கையில் எடுத்தார். குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி வெளியேறினால்தான் நோய் தணியத் தொடங்கும் என்பது வெகுகாலமாகத் தெரிந்த விஷயம். அப்படியானால் நஞ்சுக்கொடி எதையோ தாயின் ரத்தத்தில் கலக்கிறது. அது என்ன என்பதுதான் கேள்வி. நோய் வந்த தாய்மாரின் நஞ்சுக்கொடியையும் நலமாக இருந்தவர்களின் நஞ்சுக்கொடியையும் ஒப்பிட்டு, எந்த ஜீன் அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்று அவர் குழு தேடியது. சிக்கியது எஸ்-ஃபிளிட்-1 என்கிற புரதம்.

நம் ரத்தக்குழாய்களின் உள்சுவர் நலமாக இருக்க இரண்டு வளர்ச்சிக் காரணிகள் வேண்டும். ஒன்று வி.இ.ஜி.எஃப்., இன்னொன்று நஞ்சுக்கொடியே சுரக்கும் பி.எல்.ஜி.எஃப். எஸ்-ஃபிளிட்-1 இந்த இரண்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அது பெருகினால் உள்சுவர் பட்டினி கிடக்கும். சிறுநீரகத்தில் பட்டினி என்றால் புரதம் ஒழுகும், ஈரலில் என்றால் வலது விலாவுக்குக் கீழே வலி, மூளையில் என்றால் தலைவலி, கண் மங்கல், வலிப்பு. எலிகளுக்கு இந்தப் புரதத்தை ஏற்றியபோது அவற்றுக்குப் பிரஷர் ஏறியது, சிறுநீரில் புரதம் வந்தது, சிறுநீரகத்தில் இந்த நோய்க்கே உரிய மாற்றமும் தெரிந்தது. சினையாக இல்லாத எலிக்கும் அதேதான் நடந்தது. 2003-இல் இது வெளியானது. புற்றுநோய்க் கட்டிக்கு ரத்தக்குழாய் வளராமல் தடுக்கும் மருந்துகள் இருக்கின்றன, அவை மறிப்பதும் இதே வி.இ.ஜி.எஃப்.-ஐத்தான். அந்த மருந்து எடுப்பவர்களுக்கும் பிரஷரும் புரத ஒழுக்கும் வருவதுண்டு. கணக்கு சரியாக வந்து உட்கார்ந்துவிட்டது.

அடுத்த ஆண்டு, சேமித்து வைத்திருந்த கர்ப்பிணிகளின் ரத்த மாதிரிகளைச் சோதித்தார்கள். நோய் வெளியே தெரிவதற்கு ஏறக்குறைய 5 வாரம் முன்பே எஸ்-ஃபிளிட்-1 ஏறத் தொடங்குகிறது என்று தெரிந்தது.

நான் கேட்க நினைப்பது இதைத்தான். இவ்வளவு தெரிந்த பிறகு, மதுரையைச் சுற்றி இருக்கிற நம் வீடுகளில் என்ன மாறியிருக்கிறது? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

உசிலை_மருமகள்

சார், படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் தலைப்பிரசவத்தில் கால் வீங்கியபோது வீட்டில் உப்பை அடியோடு நிறுத்திவிட்டார்கள். உப்பில்லாத கஞ்சி, உப்பில்லாத கீரை. வாயில் வைக்க முடியாது. "நாக்கைக் கட்டாததாலதான் இப்படி" என்று மாமியார் சொல்லிக்கொண்டே இருந்தார். அவரும் பயத்தில்தான் சொன்னார், இப்போது புரிகிறது. அன்றைக்கு வலித்தது.

ஒன்பதாம் மாதம் வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போனேன். அங்கே பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். கை நிறைய வளையல் இருந்ததால் பிரஷர் பட்டையைக் கட்டாமலேயே, "வீக்கமெல்லாம் மாசமா இருந்தா சகஜம்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். வளையலுக்கும் மேல்கைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூட அப்போது தெரியவில்லை. ரெண்டாம் நாள் ராத்திரி தலை பிளந்தது, கண் முன்னால் பூச்சி பறந்தது. அம்மா 108-ஐக் கூப்பிட்டு மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் நானும் பிள்ளையும் இருக்கிறோம். ஊசி போட்டதும் உடம்பெல்லாம் தீயாக எரிந்தது நினைவிருக்கிறது. அது என்ன ஊசி?

லேபர்வார்டு_சிஸ்டர்

அது மெக்னீசியம் சல்ஃபேட் தாயி. எரியும், உண்மைதான். முகமெல்லாம் சிவந்து வேர்க்கும். பயந்து போய் "என்னைக் கொல்றாங்க" என்று கத்துகிற பிள்ளைகளைக் கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். பாதிக்கு மேல் சர்வீஸ் பிரசவ வார்டில்தான். அதனால் எனக்குத் தெரிந்த பக்கத்தைச் சொல்கிறேன்.

முதலில் 4 கிராம் நரம்பில் மெதுவாக. அப்புறம் இரண்டு புட்டத்திலும் 5, 5 கிராம், ஆழமாக. அதற்குப் பிறகு 4 மணி நேரத்துக்கு ஒரு முறை 5 கிராம், பக்கம் மாற்றி மாற்றி. ஒவ்வொரு டோஸுக்கும் முன்னால் மூன்று விஷயம் பார்த்தே ஆக வேண்டும். முட்டியில் சின்னச் சுத்தியலால் தட்டினால் கால் உதற வேண்டும். மூச்சு நிமிஷத்துக்கு 16-க்குக் குறையக் கூடாது. சிறுநீர் பையில் மணிக்கு 30 மில்லியாவது இறங்கியிருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அடுத்த ஊசி கிடையாது, டாக்டரைக் கூப்பிட வேண்டும். கால் உதறவில்லை என்றால் மருந்து ரத்தத்தில் கூடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அடுத்தது மூச்சு நிற்கும். அதனால் அதை முறிக்கும் கால்சியம் குளுகோனேட் கட்டில் பக்கத்திலேயே உடைக்கத் தயாராக இருக்கும். ராத்திரி டியூட்டியில் நிறைய பேர் இருக்கும்போது இதைத் தவறாமல் செய்வது எவ்வளவு பெரிய வேலை என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது.

இந்த மருந்து வேலை செய்கிறது என்று உறுதியாகச் சொன்னது மேக்பை ஆய்வு, 2002-இல் வந்தது. 33 நாடுகள், 10,000-க்கு மேற்பட்ட பெண்கள். வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் மேல் குறைத்தது. ரொம்ப மலிவான மருந்து.

நான் சேர்ந்த காலத்தில் சிறுநீரில் புரதம் பார்க்க, சோதனைக் குழாயின் மேல்பாகத்தை ஸ்பிரிட் விளக்கில் காட்டி, கலங்கினால் ரெண்டு சொட்டு அசிட்டிக் அமிலம் விட்டுப் பார்ப்போம். அதற்கும் கலக்கம் தெளியவில்லை என்றால் புரதம். இப்போது பட்டையை நனைத்து நிறம் பார்த்தால் போதும்.

உப்பு விஷயம்: இந்த நோயைத் தடுக்க உப்பைக் குறைக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை, 2011-லேயே அதைச் சொல்லிவிட்டார்கள். வாய்க்கு ருசியாக அளவாகச் சாப்பிட்டிருக்கலாம் நீங்கள். சாப்பாடே இறங்காமல் கிடந்ததுதான் நஷ்டம்.

செல்லூர்_தறி

எல்லாம் சரி. ஆனால் சார் சொன்ன எலி ஆராய்ச்சி கடைசியில் எங்கே வந்து நிற்கிறது? எஸ்-ஃபிளிட் ரேஷியோ என்று ஒரு ரத்தப் பரிசோதனையாக வந்து நிற்கிறது. என் தங்கச்சிக்கு ஒரு தனியார் இடத்தில் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு வாரக் கூலி போய்விடும். டெஸ்ட் எடுத்தால் நோய் போய்விடுமா? போகாது. மருந்து கண்டுபிடித்தார்களா? இல்லை. உயிரைக் காப்பாற்றியது சிஸ்டர் சொன்ன மலிவு ஊசிதான். அப்புறம் எதற்கு இதைக் கொண்டாட வேண்டும்?

வைகைக்கரையான் (மேலூர்)

கோபம் நியாயம் அண்ணே. காரணத்தைக் கண்டுபிடித்து இத்தனை ஆண்டு ஆகியும் நோயை நிறுத்தும் மருந்து இல்லை. இன்றைக்கும் முடிவான வைத்தியம் பிரசவம்தான்.

ஆனால் அந்த டெஸ்ட் எதற்கு நல்லது என்பதைப் பார்க்க வேண்டும். 2016-இல் வந்த ஆய்வில், சந்தேகத்தோடு வந்த கர்ப்பிணிகளில் எஸ்-ஃபிளிட்-1, பி.எல்.ஜி.எஃப். விகிதம் 38 அல்லது அதற்குக் கீழே இருந்தால், அடுத்த ஒரு வாரத்துக்கு இந்த நோய் வராது என்று 99 சதவீதத்துக்கும் மேல் உறுதியாகச் சொல்ல முடிந்தது. அதாவது "வரும்" என்று சொல்வதைவிட "இந்த வாரம் வராது" என்று சொல்வதில்தான் அதன் பலம். வாடிப்பட்டியிலிருந்தோ பேரையூரிலிருந்தோ வந்த பெண்ணைச் சும்மா படுக்கையில் வைத்திருப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்ய அது உதவும். அமெரிக்காவில் 2023-இல்தான் இந்த வகைச் சோதனைக்கு அனுமதி கிடைத்தது. அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று கேட்பதுதான் முறை, வேண்டாம் என்பது அல்ல. என் கருத்து இது.

லேபர்வார்டு_சிஸ்டர்

சார், உங்கள் கருத்தோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. அந்தப் பணத்தில் ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலும் ஒழுங்காக வேலை செய்கிற பிரஷர் கருவியும், பருமனான கைக்குப் பெரிய பட்டையும் வாங்கி வையுங்கள். சின்னப் பட்டையைப் பெரிய கையில் கட்டினால் கூட்டிக் காட்டும். அளவு சரியில்லாத கருவியை வைத்துக்கொண்டு என்ன ரேஷியோ பார்த்து என்ன?

கருவியல்_மாணவி (நாகமலை)

குழந்தையின் பக்கத்தையும் கொஞ்சம் பேசலாமா? எல்லாரும் பிரஷரிலேயே நிற்கிறோம்.

பிரச்சினை தொடங்குவது முதல் சில மாதங்களில். கருப்பைச் சுவரில் சுருள் சுருளாக ஓடும் தமனிகள் உண்டு. நஞ்சுக்கொடியின் செல்கள் உள்ளே புகுந்து அவற்றின் தசைச்சுவரை அழித்து, ஒடுங்கிய வாய்க்காலைக் கண்மாய்க் கால்வாய் அளவுக்கு அகலப்படுத்துகின்றன. பேறுகாலம் நெருங்கும்போது நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் அந்த வழியே பாய வேண்டும். இந்த அகலப்படுத்தும் வேலை பாதியில் நின்றுபோனால் ரத்தம் பீறிட்டுக்கொண்டு, விட்டு விட்டு வரும். நஞ்சுக்கொடி அடிபட்டு எஸ்-ஃபிளிட்-1-ஐக் கொட்டும். அதுதான் தாய்க்கு வரும் நோய். அதே நேரத்தில் குழந்தைக்கு ஆக்சிஜனும் சத்தும் குறையும்.

அப்போது குழந்தை என்ன செய்கிறது என்பதுதான் என்னை இந்தப் படிப்புக்கே இழுத்தது. கிடைக்கிற ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிட்டு, குடல், சிறுநீரகம், கை கால்களுக்குக் குறைத்துக்கொள்கிறது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் மூளைத் தமனியில் ஓட்டம் கூடியும் தொப்புள்கொடித் தமனியில் குறைந்தும் தெரியும். தொப்புள்கொடியில் ரத்தம் பின்னோக்கி ஓடத் தொடங்கினால் இனி காத்திருக்க முடியாது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அப்படிப் பிறந்த குழந்தை பிற்காலத்தில் எப்படி இருக்கும் என்று தேடியவர் டேவிட் பார்க்கர். இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் 1911 முதல் மருத்துவச்சிகள் எழுதி வைத்த பேரேடுகளில் பிறந்தபோதும் ஒரு வயதிலும் உள்ள எடை பதிவாகியிருந்தது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து என்ன நோயில் இறந்தார்கள் என்று தேடிப் பார்த்து, எடை குறைந்து பிறந்தவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்று 1989-இல் எழுதினார். நம் நாட்டில் புனேயில் யாஜ்னிக் குழுவின் வேலை இதன் தொடர்ச்சி. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் 3.5 கிலோ. எடை இவ்வளவு குறைந்தும் நம் குழந்தைகளின் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை, தசைதான் குறைந்திருந்தது. ஒல்லியாகப் பிறந்து நடுவயதில் சர்க்கரை வருவதற்கு அங்கேயே ஒரு வேர் இருக்கிறது.

"சின்னப் பிள்ளையா இருந்தா சுகப்பிரசவம் ஆகும், அளவாச் சாப்பிடு" என்று நம் வீடுகளில் சொல்வது எனக்கு இதனால்தான் கவலையாக இருக்கிறது.

பரவை_பாலா

நான் நேரடியாகக் கேட்டுவிடுகிறேன். முதல் பிரசவத்தில் என் மனைவிக்கு இந்த நோய் வந்து 33-ஆவது வாரத்தில் ஆபரேஷன். பையன் ஒன்றரைக் கிலோ. பிறப்பதற்கு முன்னால் நுரையீரல் முதிர ஊசி போட்டார்கள். இப்போது நன்றாக ஓடியாடுகிறான். மறுபடி உண்டாகியிருக்கிறாள், 12 வாரம். டாக்டர் ஆஸ்பிரின் எழுதியிருக்கிறார். அத்தை, அதாவது மனைவியின் அம்மா, "ரத்தம் உறையாம கரு கலைஞ்சிரும், போடாத" என்று மாத்திரையை எடுத்து ஒளித்தே வைத்துவிட்டார். யார் சொல்வதைக் கேட்பது?

லேபர்வார்டு_சிஸ்டர்

டாக்டர் சொல்வதைக் கேளுங்கள் தம்பி, நாளைக்குத் தள்ளாதீர்கள். இதற்கு நேரம் இருக்கிறது. 16 வாரத்துக்கு முன்னால் தொடங்கினால்தான் முழுப் பலன், கருவியல் மாணவி மேலே சொன்ன அந்த ரத்தக்குழாய் வேலை நடக்கிற காலம் அது. ஆஸ்ப்ரே ஆய்வு, 2017. ஆபத்து அதிகம் உள்ள 1,700-க்கு மேற்பட்ட பெண்களில் பாதிப் பேருக்கு 150 மில்லிகிராம் ஆஸ்பிரின், பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. ராத்திரியில், 36 வாரம் வரை. 37 வாரத்துக்கு முன்பே வரும் ப்ரீ-எக்லாம்ப்சியா ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 1.6 சதவீதம், எடுக்காதவர்களில் 4.3. அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆஸ்துமா, வயிற்றுப்புண், ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அத்தையைக் கோபிக்காதீர்கள். அடுத்த தடவை காட்டப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் வாயாலேயே கேட்க வையுங்கள். நான் பார்த்தவரை ஒரு முறை அப்படிக் கேட்டுவிட்ட அம்மாக்கள்தான் பிறகு மாத்திரையை மறக்காமல் எடுத்துக் கொடுப்பார்கள்.

கால்சியமும் விடக்கூடாது. 2024-இல் பெங்களூரிலும் தான்சானியாவிலும் நடந்த பெரிய ஆய்வு வெளியானது, நாளைக்கு 500 மில்லிகிராமே 1,500-க்கு நிகராக இந்த நோயைத் தடுக்கிறது என்று. மூன்று மாத்திரை விழுங்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு நல்ல செய்தி, ஆனால் டாக்டர் எழுதிய அளவை நீங்களாகக் குறைக்காதீர்கள். இரும்புச் சத்து மாத்திரையையும் இதையும் ஒரே நேரத்தில் போடாமல் இடைவெளி விடுங்கள்.

கருவியல்_மாணவி (நாகமலை)

பாலா அண்ணா, உங்கள் பையனுக்குப் போட்ட ஊசிக்கும் ஒரு கதை உண்டு. நியூசிலாந்தில் லிகின்ஸ் என்பவர் பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று ஆடுகளில் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு செலுத்தியதில் மிக முன்கூட்டியே பிறந்த ஒரு குட்டி, சாக வேண்டியது, மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதிலிருந்து பிடித்து, ஹோவி என்கிற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து பெண்களிடம் சோதித்து 1972-இல் வெளியிட்டார். 2020-இல் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வில், நம்மைப் போன்ற ஊர்களின் ஆஸ்பத்திரிகளிலும் டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு குறைமாதக் குழந்தைச் சாவைக் குறைக்கிறது என்று உறுதியானது.

செல்லூர்_தறி

இந்த ஆட்டுக்குட்டி விஷயம் எனக்குத் தெரியாது. சரி, ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூலிக்காரன் கையில் எட்டுகிற மாதிரி வர வேண்டும், அவ்வளவுதான். ஆஸ்பிரின் வந்திருக்கிறது, ஊசி வந்திருக்கிறது. ரேஷியோவும் அப்படி வரட்டும்.

வைகைக்கரையான் (மேலூர்)

உசிலை சகோதரி எழுதியதை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் நாம் யாரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஏழிலோ ஒன்பதிலோ வளைகாப்பு. முடிந்ததும் பொண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போகிறோம். இந்த நோய் பெரும்பாலும் வெளியே வருவதும் அந்த மூன்றாவது மும்மாதத்தில்தான். அதாவது, ரத்தத்தில் எஸ்-ஃபிளிட்-1 ஏறிக்கொண்டிருக்கும் வாரங்களில் அவள் ஊர் மாறுகிறாள், நர்சம்மா மாறுகிறார், ஆஸ்பத்திரி மாறுகிறது. போன மாதம் 110/70 இருந்தது, இப்போது 136/88 என்பதை ஒப்பிட்டுப் பார்க்க ஆளில்லாமல் போகிறது. தனியாகப் பார்த்தால் 136 பெரிய எண் இல்லை. பழைய எண்ணோடு வைத்தால்தான் மணி அடிக்கும்.

தமிழ்நாட்டில் பேறுகால மரண விகிதம் 2018-20 கணக்கில் லட்சம் பிரசவத்துக்கு 54, நாட்டின் சராசரி 97. கிராம சுகாதார நர்சுகளும், கர்ப்பிணிகளைப் பதிந்து கண்காணிக்கும் அரசின் பிக்மி பதிவும், ஒவ்வொரு சாவையும் உட்கார்ந்து விசாரிக்கிற முறையும் சேர்ந்து கொண்டு வந்த இறக்கம் அது. மீதி 54-இல் இந்த ஊர் மாறும் இடைவெளிக்கும் பங்கு இருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

லேபர்வார்டு_சிஸ்டர்

இருக்கிறது சார். வார்டுக்கு வலிப்போடு வந்தவர்களில் "பிரஷர் எழுதின கர்ப்பகாலக் கார்டு மாமியார் வீட்டில் இருக்கு" என்று சொன்னவர்கள் எனக்குக் கண்ணுக்குள்ளேயே நிற்கிறார்கள்.

உசிலை_மருமகள்

என் கார்டும் பீரோவில்தான் இருந்தது சிஸ்டர். இப்போது என் நாத்தனாருக்கு ஏழாம் மாதம், அடுத்த வாரம் வளைகாப்பு. சீர்வரிசைத் தட்டு இருபத்தொன்று வைக்க வேண்டும் என்று வீட்டில் ஒரே பேச்சு. நான் என்ன எடுத்து வைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். எனக்கும் ஒரு கேள்வி: பிரசவம் முடிந்ததால் நான் இனி பயப்பட வேண்டாமா?

லேபர்வார்டு_சிஸ்டர்

கார்டு, பிக்மி எண், ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், போடுகிற மாத்திரைகள். எல்லாம் ஒரே பையில், அவள் கையிலேயே போகட்டும். போகும் முன்பு இந்த ஊர் நர்சம்மாவிடம் சொல்லிவிடுங்கள், அவர் அந்த ஊர் நர்சம்மாவுக்குப் போன் போடுவார். போய்ச் சேர்ந்த வாரத்திலேயே அங்கே பிரஷர் பார்த்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுத வைக்க வேண்டும்.

பார்க்கும் முறை: ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்த பிறகு, முதுகு சாய்ந்து, கால் தரையில் ஊன்றி, கை நெஞ்சு மட்டத்தில். பேச்சு கூடாது. பட்டை மேல்கையில் கட்டுவது, வளையல் எத்தனை இருந்தாலும் குறுக்கே வராது. 140/90 என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. 160/110 என்றால் 108. எண் எதுவாக இருந்தாலும் விடாத தலைவலி, கண் மங்கல், நெஞ்சுக்குழியிலோ வலது விலாவுக்குக் கீழோ வலி, பிள்ளை அசைவு குறைவது, இதில் ஒன்று வந்தாலும் காத்திருக்காதீர்கள். பிரசவத்துக்குப் பிறகும் வலிப்பு வரலாம், அதிலும் முதல் சில நாள். ஆறு வாரம் வரை கவனம் வேண்டும்.

உங்கள் கேள்விக்கு: இந்த நோய் வந்துபோன பெண்களுக்குப் பிற்காலத்தில் இதய நோயும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பயப்படுத்தச் சொல்லவில்லை. வருஷத்துக்கு ஒரு முறையாவது பிரஷரும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும், மாரடைப்புக்கோ மூட்டுவலிக்கோ, "எனக்கு முதல் பிரசவத்தில் பிரஷர் வந்தது" என்று நீங்களாகவே சொல்லுங்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.

பரவை_பாலா

அத்தையைக் கூட்டிக்கொண்டு இன்று போய் வந்தோம். டாக்டர் பத்து நிமிஷம் அவருக்கே விளக்கிச் சொன்னார். ஒளித்து வைத்த மாத்திரையைச் சாயங்காலம் அவரே எடுத்துக் கொடுத்தார். பெரிய பட்டை உள்ள பிரஷர் கருவி மதுரையில் எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று யாராவது சொல்லுங்கள்.

செல்லூர்_தறி

பெரியாஸ்பத்திரி எதிரே பனகல் ரோட்டில் சர்ஜிக்கல் கடைகள் இருக்கின்றன தம்பி. வாங்கிய பிறகு டாக்டரிடம் கொண்டுபோய் அவர் கருவியோடு ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.